இலையைக் கடித்தால் செடி என்ன செய்யும்? தாவரங்களும் பூச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலையில் ஓட்டையைப் பார்த்ததும் நம் கண் பூச்சியைத்தான் தேடுகிறது. அதே நேரத்தில் செடி என்னென்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றியது இந்தப் பக்கம். "முள்ளும் விஷமும் தாவரத்தின் தற்காப்பு" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் அரை நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது. என்னை மிகவும் ஈர்த்த பகுதி முள்ளும் அல்ல, விஷமும் அல்ல. செடி தனக்காக மற்ற உயிர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் விதம்தான்.

தழை தின்னும் பூச்சிகள் இவ்வளவு இருந்தும் உலகம் எப்படிப் பச்சையாகவே இருக்கிறது?

அறிவியலுக்குத் தெரிந்த பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதி, ஏதோ ஒரு விதத்தில் தாவரத்தைத் தின்று வாழ்பவை. செடியோ நகர முடியாதது. கணக்குப்படி பார்த்தால் காடுகள் மொட்டையாக நிற்க வேண்டும். 1960இல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் என்ற மூன்று அமெரிக்கச் சூழலியலாளர்கள் இதற்கு ஒரு விடை சொன்னார்கள்: தழை தின்னும் உயிர்களை, அவற்றைத் தின்னும் உயிர்கள் அடக்கி வைக்கின்றன. மறுதரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. பச்சையாகத் தெரிவதெல்லாம் தீனி அல்ல, பெரும்பகுதி நாரும் கசப்பும் விஷமும்தான் என்றது.

இரண்டு விடைகளும் சரி. ஆனால் அவற்றைத் தனித்தனியாகப் பார்த்ததால்தான் அந்த வாதம் நீண்டது. செடியே தன் எதிரியின் எதிரியை வரவழைக்கிறது, சில செடிகள் வீடும் சாப்பாடும் கொடுத்து வைத்துக்கொள்கின்றன என்பது பிறகுதான் தெரியவந்தது. அப்படியானால் குளவியும் எறும்பும்கூடச் செடியின் தற்காப்பில் சேர்த்தி.

முள்தானே செடியின் முதல் காவல்?

பூச்சிக்கு முள் ஒரு பொருட்டே அல்ல. இரண்டு முட்களுக்கு நடுவே புழு நிம்மதியாக மேயும். முள், மான் ஒட்டகச்சிவிங்கி போன்ற பெரிய வாய்களுக்கானது. பூச்சியின் உடல் அளவுக்குத் தக்க முள் என்றால் அது சுணை, அதாவது செடியின் மேல் இருக்கும் நுண்முடிதான். தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற பிசுக்கும் மணமும், சுணையின் நுனியில் இருக்கும் சுரப்பிகள் உடைந்து வருபவை. சாறு உறிஞ்சும் அசுவினி போன்ற சிறு பூச்சிகளின் கால்களை அது பிடித்துக்கொள்ளும்.

பீன்ஸ் இலையின் சுணை இன்னும் சுவாரசியமானது. அது கொக்கி போல வளைந்திருக்கும். தென்கிழக்கு ஐரோப்பாவில் மக்கள் இரவில் தரையில் பீன்ஸ் இலைகளைப் பரப்பி, மூட்டைப்பூச்சிகள் அதில் மாட்டியதும் காலையில் அள்ளி எரித்தார்கள். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொக்கிகள் பூச்சியின் காலில் மேலோடு மெல்லியதாக இருக்கும் இடத்தைக் குத்தி நுழைந்திருந்தன. அதே வடிவத்தில் செயற்கைப் பரப்பு ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இலை பிடித்த அளவுக்கு அது பிடிக்கவில்லை.

புற்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையில் படியவைத்துக்கொள்கின்றன. அதைத் தின்னும் புழுவின் தாடை தேய்கிறது. சேம்பு வகைகளில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. நாக்கு அரிப்பதற்குக் காரணமும் அவைதான்.

கீறினால் பால் வடிகிறதே, அது எதற்கு?

எருக்கு, கள்ளி, பப்பாளி, அத்தி, முசுக்கொட்டை, ரப்பர் எனப் பாலுள்ள தாவரங்கள் சுமார் 20,000 இனங்கள் இருக்கின்றன. அந்தப் பால் செடிக்கு உணவும் அல்ல, நீர் கடத்தும் சாறும் அல்ல. குழாய்களுக்குள் அழுத்தத்தோடு நிற்கிறது. புழு கடித்த நொடியில் அந்த இடத்தில் பீறிட்டு வந்து, காற்றுப்பட்டதும் கெட்டியாகி வாயை ஒட்டிவிடும். பப்பாளிப் பாலில் புரதத்தைச் சிதைக்கும் பப்பேன் என்ற நொதி உண்டு. பாலைக் கழுவி எடுத்துவிட்டால் சாதாரணமாக அந்த இலையைத் தின்று சாகும் புழுக்கள்கூடப் பிழைத்துக்கொள்கின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள்.

அதே குழு 2006இல் முசுக்கொட்டையை எடுத்துக்கொண்டது. உலகத்திலேயே சாதுவான தீனி என்று நாம் நினைக்கும் இலை அது. ஆனால் அதன் பாலில் சர்க்கரையைப் போல உருக்கொண்டு செரிமானத்தைக் குலைக்கும் ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் கலந்த பொருட்கள் இருக்கின்றன. மற்ற புழுக்களுக்கு அது நஞ்சு. பட்டுப்புழு மட்டும் அதைத் தாங்கும்படி மாறிக்கொண்டது.

எருக்கு இனத்தைத் தின்னும் சில வண்டுகளும் புழுக்களும் செய்வதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முதலில் இலையின் நடு நரம்பைக் கடித்து அறுக்கின்றன. பால் அங்கேயே வடிந்து தீர்கிறது. பிறகு அறுபட்ட இடத்துக்கு அப்பால் போய் உட்கார்ந்து, பால் வராத பகுதியைத் தின்கின்றன.

விஷத்தை உள்ளே வைத்திருக்கும் செடி ஏன் சாவதில்லை?

பல செடிகள் விஷத்தை விஷமாக வைத்திருப்பதில்லை. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் நல்ல உதாரணம். குளுக்கோசினோலேட் என்ற தீங்கற்ற பொருள் ஒரு செல்லில், மைரோசினேஸ் என்ற நொதி வேறொரு செல்லில். முழு இலையில் இரண்டும் சந்திப்பதே இல்லை. புழுவின் தாடை இரண்டு செல்களையும் நசுக்கும்போதுதான் கலந்து காரமான கடுகு எண்ணெய் பிறக்கிறது. கடுகை மென்ற பிறகுதான் மூக்கில் ஏறுகிறது என்பதற்கும் இதுவே காரணம். மரவள்ளியில் சயனைடு உருவாவதும் இதே முறையில்தான்.

புகையிலை வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. நிகோடின் உருவாவது வேரில். அங்கிருந்து சாற்றோடு மேலே ஏறி இலைக்கு வருகிறது, செல்லுக்குள் ஒரு தனி அறையில் பூட்டி வைக்கப்படுகிறது. தக்காளி வேரின் மேல் புகையிலைத் தண்டை ஒட்டுக்கட்டினால் அந்த இலையில் நிகோடின் ஏறக்குறைய இருக்காது.

இந்த வேதிப்பொருட்களை எல்லாம் செடியின் கழிவு என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 1888இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்டால், நத்தைகளைக் கொண்டு சோதித்து இவை தற்காப்புக்கானவை என்றார். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1959இல் காட்ஃபிரீட் ஃபிரேங்கெல் அதே வாதத்தைப் பூச்சிகளை வைத்து அழுத்தமாக எழுதிய பிறகுதான் காற்று மாறியது. நாம் மருந்து, வாசனை, காரம் என்று கொண்டாடும் பொருட்களில் மிகப் பலவற்றைச் செடிகள் நமக்காகச் செய்யவில்லை.

அப்படியானால் எல்லா நேரமும் முழு பலத்தோடு ஏன் இருப்பதில்லை?

செலவு. நிகோடினுக்கு நைட்ரஜன் வேண்டும், அதே நைட்ரஜன்தான் புது இலைக்கும் விதைக்கும் வேண்டும். ஆபத்து வராத ஆண்டில் ஆயுதம் செய்து குவித்த செடி, பக்கத்தில் உயரமாக வளர்ந்த செடியின் நிழலில் தோற்றுப்போகும். அதனால் பல தற்காப்புகள் கடிபட்ட பிறகே தொடங்குகின்றன.

இதைத் தெளிவாகக் காட்டியது 1972இல் கிரீன், ரையன் இருவரின் சோதனை. வண்டு கடித்த தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் மட்டுமல்ல, அதே செடியின் கடிபடாத இலைகளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் பெருகியது. தின்ற புழுவுக்கு வயிறு நிறையும், சத்து சேராது. இந்த மாற்றத்தை முடுக்கிவிடுவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனின் குடும்பம். அதன் ஓர் உறுப்பினரான மெத்தில் ஜாஸ்மோனேட்டை முதலில் மல்லிகை எண்ணெயில்தான் கண்டுபிடித்தார்கள். மல்லிகையின் மணத்தில் இருக்கும் ஒரு கூறும், தக்காளி இலையின் அபாய அறிவிப்பும் ஒரே மூலக்கூறு!

இதில் எதிர்பாராத விளைவு ஒன்று 2017இல் தெரிந்தது. மெத்தில் ஜாஸ்மோனேட் தெளித்த தக்காளி இலை அவ்வளவு மோசமான தீனியாகிவிடுவதால், அதில் விடப்பட்ட புழுக்கள் இலையை விட்டுவிட்டு ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. செடிக்கு இரட்டை லாபம்.

ஓர் இலையைக் கடித்தால் இன்னோர் இலைக்கு எப்படித் தெரிகிறது? செடிக்கு நரம்பு இல்லையே?

நரம்பு இல்லை, ஆனால் கடத்தும் குழாய்கள் இருக்கின்றன. 2018இல் ஜப்பானைச் சேர்ந்த மசாட்சுகு டொயோட்டாவும் அமெரிக்காவில் சைமன் கில்ராய் குழுவினரும், கால்சியம் கூடும்போது ஒளிரும்படி மாற்றிய ஒரு சிறு செடியைப் படமெடுத்தார்கள். புழு இலையைக் கடித்ததும் காயத்தில் குளுட்டமேட் கசிகிறது. அங்கிருந்து கால்சியம் அலை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் குழாய்கள் வழியே தொலைவிலுள்ள இலைகளுக்குப் பரவுகிறது. சில நிமிடங்களில் அந்த இலைகளில் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகத் தொடங்கிவிடும். நம் மூளையின் நரம்பு செல்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் முக்கியப் பொருட்களில் ஒன்றும் குளுட்டமேட்தான்.

தொட்டாற்சிணுங்கி ஏன் சுருங்குகிறது என்ற பழைய கேள்விக்கும் இதே வழியில் விடை கிடைத்தது. 2022இல், சுருங்க முடியாதபடி ஆக்கப்பட்ட தொட்டாற்சிணுங்கிச் செடிகளை வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் தின்பதைக் காட்டினார்கள்.

கடிப்பது புழுவா, கத்தரிக்கோலா என்று செடிக்குத் தெரியுமா?

தெரிகிறது. புழுவின் எச்சில் அடையாளம். 1997இல் ஒரு படைப்புழு வகையின் வாய்நீரிலிருந்து வோலிசிட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மக்காச்சோள இலையைக் கீறி அதைத் தடவினால், செடி புழு கடித்தது போலவே மணம் விடுகிறது. கீறல் மட்டும் என்றால் அந்த அளவு இல்லை.

அதிர்வும் ஓர் அடையாளம். புழு மெல்லும் அதிர்வைப் பதிவு செய்து, புழுவே இல்லாத இலையில் ஓடவிட்டார்கள். பின்னர் உண்மையான புழுவை விட்டபோது, அதிர்வு கேட்ட செடிகள் கடுகு வகைக் காரத்தின் மூலப்பொருளைக் கூடுதலாகச் செய்தன. காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லை. 2014இல் மிசூரி பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இது.

இன்னும் முன்கூட்டியே செயல்படும் செடிகளும் உண்டு. கருங்கடுகில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டை வைத்தால், சில செடிகள் அந்த முட்டைக்கு அடியிலுள்ள தங்கள் திசுவையே காயவைத்துவிடுகின்றன. ஈரமின்றி முட்டை வற்றி உதிர்கிறது.

செடி பூச்சியின் எதிரியைக் கூப்பிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதும் இதுதான்.

1980களில் நெதர்லாந்தில் மார்சல் டிக்கேயும் மாரிஸ் சபேலிஸும் லைமா அவரைச் செடிகளில் சிலந்திப்பேன்களை விட்டார்கள். தாக்கப்பட்ட செடி ஒரு தனி மணக்கலவையை வெளியிட்டது. சிலந்திப்பேனைத் தின்னும் இன்னொரு வகைப் பேன், அந்த மணத்தைப் பிடித்து வந்து சேர்ந்தது. 1990இல் அமெரிக்காவில் டர்லிங்ஸ், டம்ளின்சன், லூயிஸ் மூவரும் மக்காச்சோளத்தில் இதையே கண்டார்கள். புழு தின்ற சில மணி நேரத்தில் செடி டெர்பீன் வகை மணங்களை வெளியிட, ஒட்டுண்ணிக் குளவி வந்து புழுவின் உடலுக்குள் முட்டை இடுகிறது.

குளவியின் பக்கத்திலிருந்து யோசித்தால் இது ஏன் வேலை செய்கிறது என்று புரியும். புழு மணமின்றி, நிறம் காட்டாமல் ஒளிந்து வாழும்படி ஆனது. ஒரு வயல் அளவு பசுமைக்குள் அதைத் தேடுவது ஆகாத காரியம். செடியோ பெரியது, அதன் மணம் தொலைவு வரை போகும். புழு ஒளிந்தாலும் புழு கடித்த செடி ஒளிவதில்லை.

மண்ணுக்கு அடியிலும் இது நடக்கிறது. வேரைத் தின்னும் வண்டுப்புழு தாக்கினால் மக்காச்சோள வேர் கேரியோஃபிலீன் என்ற பொருளை மண்ணில் விடுகிறது. பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்கள் அதைப் பின்பற்றி வருகின்றன. 2005இல் இதைக் கண்டவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: வட அமெரிக்காவில் பயிரிடப்பட்ட ரகங்கள் பெரும்பாலும் அந்தக் குரலை இழந்துவிட்டிருந்தன. விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்த வழியில், யாரும் கவனிக்காமல் அது உதிர்ந்துபோயிருக்கிறது.

ஆனால் இந்த மணம் செடிக்கு மட்டும் சொந்தமல்ல. காற்றில் விட்ட செய்தியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முட்டைக்கோஸில் குளவி முட்டையிட்ட புழுக்கள் கடிக்கும்போது செடியின் மணம் சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தை மோப்பம் பிடித்து, அந்தக் குளவியின் குஞ்சுகளுக்குள் முட்டையிடும் இன்னொரு குளவி வந்துவிடுகிறது. 2012இல் வெளியான கண்டுபிடிப்பு இது. செடியைப் பொறுத்தவரை தன் காவலாளியையே காட்டிக்கொடுத்ததாகிறது.

மரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா?

1983இல் இயன் பால்ட்வினும் ஜாக் ஷுல்ட்ஸும், இலை கிழிக்கப்பட்ட பாப்லர், மேப்பிள் கன்றுகளோடு ஒரே காற்றில் இருந்த கிழிபடாத கன்றுகளிலும் தற்காப்புப் பொருட்கள் கூடின என்று எழுதினார்கள். அதே ஆண்டு டேவிட் ரோட்ஸ் வில்லோ மரங்களில் இதேபோன்ற முடிவைச் சொன்னார். பத்திரிகைகள் "பேசும் மரங்கள்" என்று கொண்டாடின, சக ஆய்வாளர்களோ சோதனையின் ஓட்டைகளைச் சுட்டினார்கள். துறையே சில ஆண்டுகள் தயங்கி நின்றது. பிறகு ரிச்சர்ட் கார்பன் கலிஃபோர்னியாவின் திறந்த வெளியில், கத்தரிக்கப்பட்ட சேஜ்பிரஷ் புதருக்கு அருகில் வளர்ந்த காட்டுப் புகையிலையைப் பூச்சிகள் குறைவாகத் தின்றதை 2000இல் காட்டினார்.

ஆகவே மணத்தின் வழியே செய்தி போகிறது என்பதில் ஐயமில்லை. "எச்சரிக்கிறது" என்று சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். மணத்தை விடும் செடி தன் மற்ற கிளைகளுக்காகவே விடலாம். பக்கத்துச் செடி அதை ஒட்டுக்கேட்டுப் பயனடைகிறது. புதரின் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குக் குழாய் வழி சுற்று, காற்று வழி கிட்டம்.

மண்ணுக்கு அடியில் வேர்களை இணைக்கும் பூஞ்சை இழைகள் வழியாகவும் செய்தி போகலாம். அவரை இனச் செடிகளில் அசுவினியை வைத்துச் செய்த 2013 சோதனை அப்படித்தான் காட்டியது. தொட்டியில் சோதித்ததை வைத்துக்கொண்டு காடே ஒரு குடும்பம்போலப் பரிமாறிக்கொள்கிறது என்று சொல்வது அதிகப்படி. காட்டில் அதற்கான சான்று போதாது என்று ஆய்வாளர்களே 2023இல் எச்சரித்திருக்கிறார்கள்.

எறும்பு ஏறிய செடியில் எறும்பைத் துரத்த வேண்டுமா?

முதலில் அது எதற்காக ஏறுகிறது என்று பாருங்கள். அசுவினியையோ மாவுப்பூச்சியையோ மேய்க்க ஏறினால் செடிக்குக் கேடு. ஆனால் ஆமணக்கின் இலைக்காம்பில் சிறு குமிழ்கள் இருக்கும், பருத்தி இலையின் அடியில் நடு நரம்பில் ஒரு குழி இருக்கும். அவை பூவுக்கு வெளியே உள்ள தேன் சுரப்பிகள். மகரந்தத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எறும்புக்கான கூலி அது. தேனுக்காக நடமாடும் எறும்பு வழியில் கிடைக்கும் முட்டையையும் இளம் புழுவையும் தூக்கிப்போகும்.

இந்த உறவு உச்சத்துக்குப் போனது மத்திய அமெரிக்காவின் கொம்பு முள் அகேசியாவில். வீங்கிய உள்ளீடற்ற முள் எறும்புக்கு வீடு, இலைக்காம்பில் தேன், இலை நுனியில் புரதமும் கொழுப்பும் நிறைந்த சிறு உருண்டைகள். 1874இலேயே தாமஸ் பெல்ட் இவை மரத்தின் காவலர்கள் என்று நிகராகுவாவைப் பார்த்து எழுதினார். 1966இல் டேனியல் ஜான்சன் மெக்சிகோவில் எறும்புகளை அகற்றிப் பார்த்தார். எறும்பு போன மரங்களைப் பூச்சிகள் மொய்த்தன, கொடிகள் மூடின, பல மரங்கள் செத்தன.

இது வெறும் நட்பு என்று எண்ணிவிடக் கூடாது. இந்த மரத்தின் தேனில் சுக்ரோஸ், அதாவது நாம் பயன்படுத்தும் சாதாரணச் சர்க்கரை, கிடையாது, உடைக்கப்பட்ட எளிய சர்க்கரைதான். அங்கு வாழும் எறும்பிடம் சுக்ரோஸைச் செரிக்கும் நொதி வேலை செய்வதில்லை. எறும்பு தானாகவே அந்தத் திறனை இழந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். மார்ட்டின் ஹைல் குழு 2014இல் வேறு காரணத்தைக் கண்டது: கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எறும்பு முதல்முறை இந்தத் தேனைக் குடித்ததும், தேனிலுள்ள ஒரு புரதம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதன் பிறகு வேறு தேன் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

கென்யாவில் டாட் பால்மர் குழு பார்த்தது இதற்கு மறுபக்கம். யானை, ஒட்டகச்சிவிங்கி உள்ளே வராமல் பத்தாண்டுகள் வேலி போட்ட இடத்தில், தேவை இல்லாததால் அகேசியாக்கள் தேனையும் வீங்கிய முள்ளையும் குறைத்துக்கொண்டன. கூலி குறைந்ததும் நல்ல காவல் எறும்பு சுணங்கியது. மரத்தைக் காக்காத, தண்டு துளைக்கும் வண்டுக்கு இடம் கொடுக்கும் வேறோர் எறும்பு பரவியது. மேயும் விலங்கை விலக்கிய மரங்கள் மெதுவாக வளர்ந்தன, கூடுதலாகச் செத்தன. 2008இல் இது வெளிவந்தபோது பலரும் திகைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் புழுக்கள் எப்படித்தான் தின்கின்றன?

ஒவ்வொரு பூட்டுக்கும் யாரோ சாவி செய்துவிடுகிறார்கள். அதனால்தான் பெரும்பாலான புழுக்கள் ஒன்றிரண்டு தாவரக் குடும்பங்களோடு நின்றுவிடுகின்றன. முட்டைக்கோஸ் வெள்ளைப் புழு, கடுகு எண்ணெய் பிறக்கும் நேரத்தில் வினையைத் திசைதிருப்பிக் குறைந்த நஞ்சாக மாற்றும் ஒரு புரதத்தை வயிற்றில் வைத்திருக்கிறது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, நொதி தொடும் முன்பே குளுக்கோசினோலேட்டைச் செயலிழக்கச் செய்கிறது. ஒரே ஆயுதத்துக்கு இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகள்.

எருக்கு இனத்தின் நஞ்சு, விலங்குச் செல்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் இறைப்பி என்ற புரதத்தை அடைத்து இதயத்தை நிறுத்தும். அதைத் தின்னும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் இறைப்பியில் நஞ்சு ஒட்டுவதில்லை. 2019இல் பழ ஈயின் மரபணுவில் மூன்றே மாற்றங்கள் செய்து, அதையும் அப்படித் தாங்கவைத்தார்கள். மொனார்க்கும், எருக்கிலேயே வளரும் அதன் உறவான வெந்தய வரியனும் நஞ்சை உடலில் சேர்த்துப் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. செடியின் ஆயுதம் பூச்சியின் கையில்.

கிலுகிலுப்பைச் செடியில் வரியன் ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்திருக்கலாம். அவை காய்ந்த, காயம்பட்ட பகுதிகளைச் சுரண்டி ஆல்கலாய்டை உறிஞ்சுகின்றன. பெண்ணைக் கவரும் மணத்துக்கு மூலப்பொருள் அது.

என்னை அசரவைத்தது வெள்ளை ஈ. தாவரங்கள் தங்கள் சொந்த நஞ்சை முடக்கப் பயன்படுத்தும் ஒரு மரபணு அதன் உடலில் இருக்கிறது. எப்போதோ தாவரத்திடமிருந்து பூச்சிக்குத் தாவிய மரபணு என்று சீன ஆய்வாளர்கள் 2021இல் நிறுவினார்கள்.

மகரந்தம் பரப்பவும் பூச்சி வேண்டும், இலையைத் தின்பதும் பூச்சி. செடி இதை எப்படிச் சமாளிக்கிறது?

அமெரிக்காவின் பாலைவனக் காட்டுப் புகையிலைக்கு இந்தச் சிக்கல் முற்றிலும் நேரடியானது. இரவில் அதன் பூவுக்கு வரும் பருந்து அந்துப்பூச்சி மகரந்தம் பரப்பிவிட்டு, அங்கேயே முட்டையும் வைத்துவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் புழு நிகோடினைத் தாங்கக்கூடியது. புழுக்கள் மிகுந்தால் செடி சில நாட்களில் இரவில் விரியும் பூக்களைக் குறைத்து, காலையில் விரியும் பூக்களைத் தருகிறது. அவற்றில் மணம் குறைவு. அந்துப்பூச்சிக்குப் பதில் தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவை வருகிறது. பறவை முட்டை வைக்காது.

காபி, எலுமிச்சை இனப் பூக்களின் தேனில் மிகச் சிறிய அளவில் கஃபீன் உண்டு. இலையில் அது கசப்பு நஞ்சு, தேனில் அதே பொருள் தேனீயின் நினைவைக் கூர்மையாக்குகிறது. கஃபீன் கலந்த கரைசலோடு ஒரு மணத்தைப் பழகிய தேனீக்களில், மறுநாளும் அதை நினைவு வைத்திருந்தவை மூன்று மடங்கு என்று 2013 ஆய்வு சொல்கிறது.

கடிபட்டால் செடிக்கு வலிக்குமா?

வலி என்பதற்கு உணரும் மையம் ஒன்று வேண்டும். செடியில் அப்படி எதுவும் இல்லை. காயத்தை அறிவதும் அதற்கு ஏற்பச் செயல்படுவதும் வலியின்றியே நடக்கலாம். 2023இல் டெல் அவிவ் ஆய்வாளர்கள் வாடிய, வெட்டுப்பட்ட தக்காளிச் செடிகள் மனிதக் காதுக்கு எட்டாத சொடுக்கு ஒலிகளை எழுப்புவதைப் பதிவு செய்தார்கள். அதை அழுகை என்று செய்தியாக்கியவர்கள் உண்டு. குழாய்களுக்குள் காற்றுக் குமிழ் உடைவதே அந்த ஒலிக்குக் காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் பயிர் வளர்ப்பவருக்கு எதற்கு?

பரந்த அளவில் கொல்லும் மருந்தை அடிக்கும்போது குளவியும் பொறிவண்டும் சேர்ந்து சாகின்றன. அதன் பிறகு செடி விடும் மணத்துக்கு வர ஆளில்லை. பூச்சிகள் வேகமாகப் பெருகும், அவற்றைத் தின்பவை மெதுவாகத்தான் திரும்பும். சில ஓட்டைகளைச் செடி தாங்கும், அந்த ஓட்டைகள்தான் அதன் தற்காப்பை முடுக்கிவிடுகின்றன. காவலர்களுக்கு இரை இல்லாவிட்டால் அவை தங்கா. ஓர் ஓட்டையும் இல்லாத இலை வேண்டும் என்று அடம்பிடிப்பதை நாம் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கென்யாவில் சர்வதேசப் பூச்சி ஆய்வு மையம் 1990களில் செய்த வேலை இந்த அறிவை வயலுக்குக் கொண்டுபோனது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே மொலாசஸ் புல்லை நட்டார்கள். கடிபடாமலேயே, கடிபட்ட செடியின் மணத்தில் சிலவற்றை விடும் புல் அது. தண்டு துளைப்பான் குறைந்தது, அதைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவி கூடியது.

வேம்பையும் பலர் கேட்கிறார்கள். அதன் விதையில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தொட்டவுடன் கொல்வதில்லை. தின்ன விடாமல் செய்கிறது, தோலுரிப்பைக் குலைக்கிறது. அதனால் தெளித்த மறுநாளே புழு செத்து விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூலக்கூறின் அமைப்பு அவ்வளவு சிக்கலானது. ஆய்வகத்தில் முழுமையாகச் செய்துமுடிக்க ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007இல்தான் முடிந்தது. மரம் அதை வெயிலையும் தண்ணீரையும் வைத்துச் செய்கிறது.

ஓட்டையைப் பார்த்தே யார் தின்றது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஓரத்திலிருந்து ஒழுங்கற்றுத் தின்றிருந்தால் புழு அல்லது வெட்டுக்கிளி. கீழே கருப்பு எச்சம் கிடந்தால் புழு. இலைப் பரப்பில் குண்டூசி போட்டது போன்ற துளைகள் என்றால் தத்தும் சிறு வண்டு. இலைக்குள்ளேயே வெள்ளைக் கோடு பாம்புபோல வளைந்து சென்று, போகப்போக அகலமானால் இலைத்துளைப்பான். புழு வளர வளரச் சுரங்கமும் அகலமாகிறது. இலை முழுக்க ஊசி முனைப் புள்ளிகளாக வெளிறியிருந்தால் அடியில் சிலந்திப்பேனைத் தேடுங்கள், மெல்லிய வலை தெரியலாம். இலை விளிம்பில் அளவெடுத்தது போல வட்டத் துண்டுகள் காணாமல் போயிருந்தால் அது தின்றதல்ல, இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துப்போனது. அதற்கு மருந்து அடிக்காதீர்கள். புழு அசையாமல் கிடந்து அதன் மேலோ அருகிலோ அரிசி அளவில் வெண்மையான கூடுகள் ஒட்டியிருந்தால், குளவி ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. அந்தப் புழுவை நசுக்காமல் விட்டுவிடுங்கள். கூடுகளிலிருந்து வெளிவரும் குளவிகள் அடுத்த புழுவைத் தேடிப் போகும்.